இறக்கைக்குள் ஒரு மூச்சு

பூட்ஸ் ஒரு ஜோடி மிச்சமாக நின்றது.

காற்றாலை இறக்கை வார்க்கும் அச்சுக்குள் யாரும் பூட்ஸோடு இறங்கக் கூடாது. நெய்த கண்ணாடி இழைத் துணியில் ஒரு மண் துகள் ஒட்டினால் போதும், இறக்கை பின்னாளில் அந்த இடத்தில்தான் விரிசல் விடும். அதனால் வெறும் காலுறையோடு இறங்கி, அடுக்கடுக்காகத் துணி விரித்து, ஏறி வந்து அவரவர் பூட்ஸை மாட்டிக்கொள்வார்கள். இன்று பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். மேஸ்திரி அமாதேயு பெயர் கூப்பிட்டபோது பன்னிரண்டு பேரும் குரல் கொடுத்தார்கள், இல்டாவின் புருஷன் பெல்மிரோ உட்பட. எவனோ சோம்பேறி காலுறையோடு திரிகிறான் என்று இல்டா மனசுக்குள் திட்டிக்கொண்டாள்.

துணியை பிளாஸ்டிக் உறையால் மூடி, உள்ளிருந்த காற்றை உறிஞ்சியாகிவிட்டது. இனி பிசினைத் திறந்துவிட்டால் அது இழை இழையாக ஊறிக் கல்லாக இறுகிவிடும். ஆனால் அழுத்தமானியின் முள் நிற்கவில்லை. கசிவு என்றால் முள் ஒரே பக்கமாக நகரும். இது இறங்கி ஏறியது. மறுபடி இறங்கி ஏறியது.

கசிவு தேடுவது இல்டாவின் வேலை. மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடலாம் என்று கூடத்தின் இயந்திரங்களை எல்லாம் நிறுத்தினார்கள். கசிவின் சீறலைப் பெரிதாக்கிக் கேட்கவைக்கும் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, அதன் குழாயை உறையின் விளிம்போடு நகர்த்தியபடி, பிசின் நெடி தொண்டைவரை ஏற, கடல்காற்று தகரக் கூரையைப் பிறாண்டும் சத்தத்தை ஒதுக்கிவிட்டு, அறுபது மீட்டர் அச்சை அவள் குனிந்தபடியே சுற்றி வந்தாள். துணி மிகத் தடிமனாக இருக்கும் அடிப்பக்கம் வந்ததும் கேட்டது.

சீறல் இல்லை. மூச்சு.

உள்ளே இழுக்கும்போது மெல்லிய விசில். சின்ன வயதில் துடுப்பு பட்டு உடைந்த மூக்கின் விசில். பதினொரு வருஷமாகப் பக்கத்துத் தலையணையில் அவள் கேட்டுவரும் விசில்.

திரும்பினாள். பெல்மிரோ பின்னாலேயே நின்றிருந்தான், காலுறையோடு.

"உன் பூட்ஸ் எங்க?"

"இருக்கட்டும். என்ன அவசரம்?"

குழாயை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். மூச்சுச் சத்தமே வரவில்லை.

உள்ளே ஆள் இருக்கிறது என்று ஓடிப்போய் மேஸ்திரியிடம் சொன்னாள். அவர் வந்து உறையைத் தடவிப் பார்த்தார். துணி சமமாகக் கிடந்தது, ஒரு மேடுகூட இல்லை.

"உன் புருஷன் இங்க நிக்கிறான். உள்ள வேற யாரை ஒளிச்சு வச்சிருக்க?"

எல்லோரும் சிரித்தார்கள். பெல்மிரோவும் சிரித்தான். அந்த நேரம் பார்த்து முள் அசையாமல் நின்றது. உள்ளே இருப்பவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தங்கள் பேச்சைக் கேட்கிறான் என்று அவளுக்கு மட்டும் புரிந்தது. மேஸ்திரி பிசினைத் திறந்துவிட்டார்.

இல்டா இடுப்பில் கட்டியிருந்த கத்தரிக்கோலை உருவிக்கொண்டு உறையைக் கிழிக்கப் பாய்ந்தாள். பெல்மிரோ அவள் மணிக்கட்டைப் பிடித்தான். ஐஸாகச் சில்லிட்ட கை. நல்லவேளை, ஒரு இறக்கை வீணாகாமல் காப்பாற்றினாய் என்று மேஸ்திரி அவன் முதுகில் தட்டினார்.

"விடு இல்டா. கோஸ் சூப் ஆறிடும்."

பழுப்புப் பிசின் வெள்ளைத் துணியில் ஊர்ந்தது. ஓரிடத்தில் தயங்கியது. பிரிந்தது. ஒரு ஆள் நீளத்துக்கு வெள்ளையாக விட்டுவிட்டுச் சுற்றிவந்தது. யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் முள்ளையே பார்த்தார்கள்.

காதுக்கருவியில் விசில். வேகமாக. இன்னும் வேகமாக. நடுவில் அவள் பெயர்.

வெள்ளை சுருங்கியது. கால். இடுப்பு. தோள். முகத்தளவு. காசளவு.

விசில் நின்றது.

அவள் காதிலிருந்து கருவி நழுவி விழுந்தது. பிடரிக்குப் பின்னால் பெல்மிரோ முதல் தடவையாக மூச்சை உள்ளே இழுத்தான், அதே விசிலோடு.