வலிக்காத முழங்கால்

பரிதியின் உடம்புக்குள் போய்விட்டு வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். கழுத்திலிருந்து மெய்ப்பட்டையைக் கழற்றிவிட்டு, "இன்னொரு முறை ஓடச் சொல்லுங்கள்" என்றார்கள். டெக்ஸாஸில் ஒரு கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் அவன் ரன்னிங் பேக். பந்தை வாங்கி இடுக்கிக்கொண்டு, மலை மலையாக நிற்கும் ஆட்களுக்கு நடுவே புகுந்து ஓடுவது அவன் வேலை. அந்த வேலையை ஒரு மனிதன் திரும்பிப் பார்த்தே பல வருடங்கள் ஆகியிருந்தன.

எல்லாம் மெய்ப்பட்டை செய்த வேலை. அது வந்த பிறகு ஆட்டத்தை யார் கண்ணால் பார்க்கிறார்கள்? பட்டையைப் பிடரியில் ஒட்டிக்கொண்டு, பிடித்த வீரரைத் தேர்ந்தெடுத்து, கண்ணை மூடிக்கொண்டால் போதும். அவர் ஓடினால் நம் தொடையில் சூடேறும். அவர் பந்தைப் பிடித்தால் நம் உள்ளங்கையில் தோல் உரசும். அவருக்கு வலித்தால் நமக்கும் வலிக்கும். மோதி விழுவதைக்கூட ரசிகர்கள் பொறுத்துக்கொண்டார்கள், அதில் ஒரு கிளுகிளுப்பு இருந்தது. முழங்காலைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒவ்வோர் அடிக்கும் அது உள்ளே எப்படி அரைபடுகிறது என்று தெரிந்ததும் பட்டையைப் பிய்த்து எறிந்தார்கள். தொழில்முறை அணிகள் வேகத்தை அளப்பதை விட்டுவிட்டு, ஒரு வீரருக்குள் இருப்பது எவ்வளவு இதம் என்று சொல்லும் சுகக் குறியீட்டை அளக்கத் தொடங்கின. நன்றாக ஓடிய பையன்களெல்லாம் கார் விற்கப் போனார்கள்.

பரிதியின் முழங்கால் மட்டும் வலிக்காது. அதற்குக் காரணம் அவன் அம்மா மங்கை. இரண்டாம் ஆண்டில் அடிபட்டு அறுவை முடிந்து கிடந்தபோது அவன் அழுத அழுகையை அவளால் தாங்க முடியவில்லை. அவள் பல் மருத்துவர். நாளெல்லாம் ஊரார் வாயை மரத்துப்போகச் செய்பவள், பெற்ற பிள்ளையின் காலுக்கு யோசிப்பாளா? எலும்பு மருத்துவரை நச்சரித்து, முழங்காலின் வலி நரம்புகளை வெப்ப ஊசியால் சுட வைத்தாள். "நரம்பு மறுபடி வளர்ந்துவிடும். அதுவரை நடந்தால் போதும், ஓட வேண்டாம்" என்றார் அவர். பரிதி நடந்தான். பிறகு ஓடினான். ஓடியவனுக்குள் புகுந்து பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள்.

தொழில்முறை அணிகள் ஆள் தேர்ந்தெடுக்க வரும் திறன்காட்டு நாளுக்குச் சில வாரங்கள் முன்னால், சாப்பாட்டு மேசையில் அவன் மெல்லச் சொன்னான்.

"அம்மா, கால்ல லேசா குத்துது."

மங்கைக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. "அப்பாடா! நரம்பு வளருதுடா."

"என்ன அப்பாடா? குறியீடு சரிஞ்சு போச்சு. சான் அன்டோனியோ டீம் முதல் ரவுண்டுலயே என்னை எடுக்கறதா இருந்தாங்க. திரும்பச் சுட்டுக்கோன்னு டெவன் சொல்றான்." டெவன் அவனுடைய முகவர்.

"வாய் மரத்திருக்கும்போது சாப்பிடாதீங்கன்னு தினமும் தலபாடா அடிச்சுக்கறேன். கேக்காதவங்க என்ன ஆகறாங்க தெரியுமா? தன் கன்னத்தையே மென்னுக்கிட்டு இருப்பாங்க. சட்டையில ரத்தம் சொட்டுன அப்புறம்தான் தெரியும்."

"மொதல்ல சுடச் சொன்னது நீதானேம்மா?"

"அப்ப நீ அழுதடா."

"இப்பவும் அழுதா சுடச் சொல்லுவியா?"

மங்கையின் கணவர் சிவநேசன் குறுக்கே வந்தார். "விடு மங்கை. ரெண்டு மூணு வருஷம் ஆடட்டும், அப்புறம் ஆயுசுக்கும் உக்காந்து சாப்பிடலாம். நேத்து நான் பட்டையைப் போட்டுக்கிட்டு அவனுக்குள்ள இருந்தேன். சத்தியமாச் சொல்றேன், என் சின்ன வயசுலகூட என் உடம்பு அப்படி இருந்ததில்ல."

பரிதி வயது வந்தவன். அம்மாவின் சம்மதம் யாருக்கும் தேவைப்படவில்லை. சுட்டுக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து மங்கை அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அந்தப் பிடிவாதத்தில் அவளுக்கே வெட்கம் இருந்தது, ஆனாலும் பேச வாய் வரவில்லை.

திறன்காட்டு நாளில் கல்லூரி மைதானம் மத்தியான வெயிலில் நிரம்பி வழிந்தது. முதல் வரிசையில் சான் அன்டோனியோ அணியின் உரிமையாளர். அவருக்குப் பின்னால் டெவன், சிவநேசன், மங்கை. பட்டை நீட்டிய பெண்ணிடம் மங்கை மட்டும் வேண்டாமென்று தலையசைத்தாள். மற்ற அத்தனை பேரும் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினார்கள்.

பரிதி பந்தை வாங்கினான். நேராகப் பாய்ந்து சட்டென்று வலப்பக்கம் வெட்டினான். இடது பாதம் புல்லில் ஊன்றியபடி நின்றுவிட, உடம்பு மட்டும் திரும்பியது. முழங்கால் உள்பக்கமாக மடிந்ததை மங்கை பார்த்தாள். அவன் விழவில்லை. லேசாகத் தள்ளாடியதைத் தரையின் குற்றம் என்று நினைத்திருப்பான், எல்லைக்கோடு வரை ஓடி முடித்தான்.

"பறக்கறான் மங்கை!" என்றார் சிவநேசன், கண்ணைத் திறக்காமல். "காத்து மூஞ்சியில அடிக்குது!"

"கண்ணைத் தொறங்க! அவன் காலைப் பாருங்க!"

"காலா? பஞ்சு மாதிரி இருக்கு. ஒண்ணும் ஆகலடி, எனக்குத் தெரியாதா? நான் உள்ளேதானே இருக்கேன்."

உரிமையாளர் விரலை உயர்த்தினார். இன்னொரு முறை. பரிதி தொடக்கக் கோட்டை நோக்கித் திரும்பினான்.

மங்கை யாரையும் கேட்கவில்லை. படிகளில் உருண்டு விழாத குறையாக இறங்கி, தடுப்பைத் தாண்டி, மைதானத்துக்குள் ஓடினாள். "ஓடாதடா! உக்காரு! பரிதி, அப்படியே உக்காருடா!" ஆயிரம் பேரின் கைதட்டலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

பரிதி திரும்பிப் பார்த்தான். வாரக்கணக்கில் முகம் கொடுக்காத அம்மா, கையை உயர்த்திக்கொண்டு தன்னை நோக்கி ஓடி வருகிறாள். அவன் முகம் மலர்ந்தது. பந்தைக் கீழே போட்டுவிட்டு அவளை நோக்கி ஓடி வந்தான். ஒவ்வோர் அடிக்கும் முழங்காலுக்குக் கீழே கால் கழன்ற கீல் போல ஆடியது. தான் வருவதால்தான் அவன் ஓடுகிறான் என்று மங்கைக்கு உறைத்தது. அப்படியே நின்றாள். நில் என்று இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினாள். அணைக்கக் கூப்பிடுகிறாள் என்று எண்ணி அவன் இன்னும் வேகமாக வந்தான்.

அவன் மகிழ்ச்சி பார்வையாளர் வரிசையில் அத்தனை பேருக்குள்ளும் ஒன்றாகப் பாய்ந்தது. மார்பு விம்மியது, கண்கள் மூடியபடியே கசிந்தன. அப்படி ஒரு ஆனந்தத்தை எந்த வீரனும் அவர்களுக்குத் தந்ததில்லை. மைதானத்துப் பலகையில் சுகக் குறியீடு ஏறிக்கொண்டே போனது. சிவநேசன் தேம்பினார்.

"இவன்தான். வேறு யாரையும் பார்க்க வேண்டாம்," என்றார் உரிமையாளர், கண்ணைத் திறக்காமல்.

பரிதி இன்னும் ஓடி வந்துகொண்டிருந்தான்.