ஃபிளெக்சில் நிற்கிறவள்

ஃபிளெக்சில் கும்பிட்டுக்கொண்டிருந்த கைகள் தன்னுடையவை அல்ல என்பதை, அதைக் கூடத்தில் கட்டிய மூன்றாம் நாள்தான் சிவனம்மாள் கவனித்தாள்.

2006 உள்ளாட்சித் தேர்தல். வேடசந்தூர்ப் பக்கத்து ஊராட்சியைப் பெண்களுக்கென்று ஒதுக்கிவிட்டதால் கணவர் முத்துச்சாமி அவளை நிறுத்தினார். திண்டுக்கல் ஃபிளெக்ஸ் கடைக்காரர்கள் பழைய கல்யாணப் படம் ஒன்றிலிருந்து அவள் முகத்தை எடுத்து, கம்ப்யூட்டரில் கிடந்த யாருடைய உடம்பிலோ ஒட்டி, வெளுப்பாக்கி, முத்துச்சாமிக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். ஜெயித்த பிறகு அவர் அதை வீட்டுக் கூடத்தில் கட்டினார். சுவர் முழுக்க.

"அது நீயாக்கா? நெசமாவா?" மில்லுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள் சிரித்தாள். "அண்ணன் கண்ண எடுக்க மாட்டேங்குறாரே!"

உண்மைதான். சாப்பிடும்போதும் அவர் பார்வை அங்கேயே இருந்தது. இருபது வருடத்தில் அவளை ஒருமுறைகூட அப்படிப் பார்த்ததில்லை. தன் முகத்தைப் பார்த்தே சிவனம்மாளுக்கு வயிறு எரிந்தது.

மின்விசிறிக் காற்றில் ஃபிளெக்ஸ் மெல்ல உப்பி, அடங்கி, யாரோ மூச்சு விடுவதைப்போலச் சரசரத்தது, மை வாசனை சோற்றிலும் வெஞ்சனத்திலும் தலையணையிலும் ஏறியது, மனு கொண்டுவந்தவர்கள் அடுப்படி வாசலில் நின்ற அவளைத் தாண்டிப் படத்தைக் கும்பிட்டுவிட்டு, "தலைவியம்மா எங்க தாயி?" என்று அவளிடமே கேட்டார்கள்.

பதவியேற்புக்கு முந்தின நாள் மத்தியானம் அவள் சொன்னாள்:

"நாளைக்கு நாந்தான் போயி நாற்காலில உக்காருவேன். நானே கையெழுத்துப் போடுவேன்."

முத்துச்சாமி படத்திலிருந்து திரும்பவில்லை.

"நீ எதுக்கு? அதான் அவ இருக்காள்ல."

கேலி என்று நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை.

ஊரில் எல்லோரும் செய்வதைப்போல அதைக் கழற்றி மாட்டுக்கொட்டகை மேல் விரித்துவிடலாம் என்று, கயிறு அறுக்க அரிவாள் தேடிக் கொல்லைக்குப் போனாள்.

கூடத்தில் அவர் குரல் கேட்டது.

"சாப்டியா?"

அத்தனை மென்மை. அவளிடம் அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

"இன்னும் இல்ல. அவ வரட்டும்."

பெண் குரல். சிவனம்மாளுடைய குரலேதான்.

கூடத்துக்கு நடந்தாள். கால் தானாகப் போயிற்று.

மின்விசிறி நின்றிருந்தது. சரசரப்பு இல்லை. நாற்காலியில் யாரோ. அந்த முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. சுவரைப் பார்த்தாள்.

ஃபிளெக்சில் முத்துச்சாமி மட்டும் நின்றார்.

பக்கத்தில் ஒரு பெண் வடிவத்தில் வெள்ளை. சரியாக அவள் உயரம்.