அலை புகாத அறை

டிரான்ஸ்மிட்டரை அணைத்த பிறகும் சோதனைக்கு வந்த அந்த போன் சிக்னல் வருவதாகவே சாதித்தது. தலைமை இன்ஜினியருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. வானலையில் பேச்சு துண்டு துண்டாக வரும். அதில் சிதைந்த துண்டைக் கண்டுபிடித்துத் தள்ள வேண்டியது போனின் வேலை. இந்த வெறும் இரைச்சலைப் போய் நல்ல பேச்சு என்று காட்டுகிறதே, எந்த மடையன் செய்த தகரடப்பாவோ!

இரும்புச் சுவரும் கறுப்புப் பஞ்சுக் கூம்புகளுமாக, வெளியிலிருந்து ஒரு முணுமுணுப்புகூட நுழையாதபடி அவரே முன்னின்று கட்டிய சோதனை அறை அது. சூடேறிய வயரின் வாடையும் அவருடைய மூச்சுச் சத்தமும் தவிர உள்ளே எதுவும் இல்லை. காலையில் உதவி இன்ஜினியர் இங்கே நின்றுதான் உளறினாள்.

"சார், போன்ல யாரோ அழுவுற மாதிரி கேக்குது. தனியா இருக்க பயமா இருக்கு."

"பயந்தாங்கொள்ளிக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை?" என்று சிரித்தவர், அவளை உள்ளே விட்டு வெளித்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு காபி குடிக்கப் போனார். திரும்பி வந்து திறந்தபோது பெட்டிப் பாம்பாக அடங்கியிருந்தாள். இந்த ஜென்மங்களை இப்படித்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். இப்போதும் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே காவல் நிற்கிறாள், சொன்ன இடத்தில், சொன்னபடி.

போனைக் காதில் வைத்தார். கரகரப்பு. அதற்கு அடியில் விசும்பல்.

"சார்... கதவைத் திறங்க சார். காலைலேர்ந்து உள்ளயே இருக்கேன்."

அவள் குரல்.

திட்ட வாயெடுத்தார். டிரான்ஸ்மிட்டரைப் பார்த்தார், அணைந்தே இருந்தது. இந்த அறைக்குள் எந்த அலையும் வராது.

"உங்க கையைத்தான் பிடிச்சிருக்கேன். தெரியலையா சார்?"

சட்டைக் கை இழுபட்டது. பக்கத்தில் யாருமில்லை. கூம்புகள். நிழல்.

கதவில் போய் மோதினார். இரண்டு கையாலும் இடித்தார். உயிரோடு வெளியே போனால் போதும், வேறெதுவும் வேண்டாம்.

கதவு திறந்தது. வாசலில் அவள். இமைக்கவில்லை. அவரைத் தாண்டி, அவருடைய தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"முடிஞ்சுதா சார்?"

"எல்லாம் பாஸ். இதுகூடவா கேக்கணும்?"

பதில் சொன்னது அவர் இல்லை. குரல் மட்டும் அவருடையது, அதே இளக்காரம்.

அவருடைய சட்டை, அவருடைய நடை, அவருடைய முகம். பின்னாலிருந்து வந்த அது அவரை உரசிக்கொண்டு வெளியே போனது. கூடவே பாய்ந்தார், சட்டைக் கையைப் பிடித்திருந்தது விடவில்லை.

"அம்மா... மூடாதம்மா!" என்று அவளைப் பார்த்துக் கதறினார்.

அவள் காதில் விழவில்லை. கதவைச் சாத்தினாள். விளக்கு அணைந்தது.

இருட்டில் சில்லென்று ஒரு கை அவர் கையைப் பற்றியது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னும் பல.