முள் மூன்று தரம் துள்ளவேண்டும்

"ஐயோ... கொலை! கொலை!"

உட்துறைமுக வீதியே அதிர்ந்தது.

தன் கராஜுக்குள் நின்ற லாபிர் ஸ்பேனரை நழுவவிட்டான்.

வாசலில், தள்ளிக்கொண்டு வந்து நிறுத்திய ஓர் இளம்பச்சைக் கார். அதன்மேல் விழுந்து அழுதுகொண்டிருந்தார் சொந்தக்காரர் பாக்கியரத்தினம். அந்த வழியால் வந்த பொலிஸ் ஜீப் கிறீச்சிட்டு நின்றது. இன்ஸ்பெக்டர் கனகசுந்தரம் குதித்தார்... கையில் விலங்கு!

"ஆரைக் கொலை செய்தது?"

"என்ர ரோட்டரி எஞ்சினை ஐயா! நேற்று இவர்தான் சேர்விஸ் செய்தவர். இண்டைக்குச் செத்துப்போச்சு!"

பயப்படாதீர்கள் பிள்ளைகளே... நிலத்தில் கிடந்தது இரத்தமல்ல, ஒயில்!

"லாபிர், உமக்கு மறியற்சாலை. கராஜுக்குப் பூட்டு!"

அந்தக் கராஜ்தானே அவன் வீட்டு உலையில் அரிசி!

"பிரேதப் பரிசோதனை செய்யாமல் விலங்கு போடேலாது ஐயா!"

"அதுவும் சரிதான்... செய்யும்!"

பிளக்கைக் கழற்றி, அமுக்கம் பார்க்கும் மீற்றரைப் பொருத்தினான்.

"இதுக்குள்ள பிஸ்டன் இல்லை ஐயா. முக்கோணமா ஒண்டு சுத்துது. மூண்டு பக்கமும் மாறி மாறிக் காத்தை அமத்தும். முள்ளு மூண்டு தரம் துள்ளவேணும். ஒண்டு படுத்தாலும் மூலைத் தகடு முறிஞ்சது... நான் கொலைகாரன்!"

சாவி திரும்பியது. ஊ... ர்... ர்...

ஒன்று... இரண்டு... மூன்று!

மூன்றும் ஒரே அளவு. ஆனால் சோகை பிடித்த துள்ளல்!

இன்ஸ்பெக்டர் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார்.

"தொப்பியைப் போடுங்கோ ஐயா! மூண்டும் ஒரே மாதிரிக் குறைஞ்சா வருத்தம் எஞ்சினுக்கில்லை. சுத்துற வேகம் காணாது. செத்தது பற்றரி!"

பாக்கியரத்தினம் மெல்லக் கனைத்தார்.

"ஐயாவின்ர ஜீப்பில நல்லதொண்டு இருக்கே..."

மாற்றினார்கள். முள் எகிறியது! பக்கத்தில் இருந்த இரண்டாவது முக்கோணத்திலும் அதே துள்ளல். பிளக்கைப் பூட்டியதும்... கார் உறுமியது!

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றான் லாபிர். விலங்கு இன்ஸ்பெக்டரின் பைக்குள் போனது. பாக்கியரத்தினம் இருவரையும் கட்டிப்பிடித்தார்... காரில் ஏறினார்... மறைந்தார்!

பக்கத்துத் தேநீர்க்கடை ரபீக்கா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"ஐயா! சுங்கக் கந்தோரால போன்! இளம்பச்சைக் காராம்... டிக்கி நிறையக் கள்ளக் கடத்தல் மணிக்கூடாம்! விடவேண்டாமாம்!"

பற்றரி செத்து கராஜ் வாசலில் நின்ற கள்ளனுக்கு, பொலிஸ் பற்றரி!

இன்ஸ்பெக்டர் ஜீப்புக்குள் பாய்ந்து சாவியைத் திருகினார். சத்தமே இல்லை.

"பார்த்துக்கொண்டு நிக்கிறீரே! ஏறும் லாபிர், துரத்துவம்!"

"ஏறுறன் ஐயா... முன்னுக்கு மாடு கட்டுறதோ, கோட்டைக்குள்ள மேயிற மான் கட்டுறதோ?"