தொட்டில் ஏன் நின்றது?

அந்தத் தொட்டிலுக்குக் காது இருந்தது.

தம்பிப் பாப்பா சிணுங்கினால் போதும், தொட்டில் தானாக ஆடத் தொடங்கும். அவன் அடங்கியதும் தானாக நிற்கும். அதற்காகவே அம்மா அதைப் பார்த்துப் பார்த்து வாங்கினாள். அம்மா வீட்டிலேயே துணி தைக்கிறவள். இரண்டு கையும் இரண்டு காலும் தையல் மெஷினுக்கே சரியாகப் போய்விடும். தொட்டிலை ஆட்ட மூன்றாவது கைக்கு எங்கே போவது?

வீட்டின் மூத்த பெண்ணுக்குப் பத்து வயது. ஓயாமல் பேசுவதால் வீட்டிலும் பள்ளியிலும் அவள் பெயர் வாயாடி. அவளுடைய தோழிக்குப் பட்டப்பெயர் திருப்புளி. எதைக் கண்டாலும் கழற்றிப் பார்ப்பாள். பேனா, பூட்டு, சைக்கிள் மணி எதுவும் தப்பாது. திரும்ப மாட்டியும் விடுவாள். சில சமயம் ஒரே ஒரு ஸ்குரூ மிஞ்சும்.

திங்கட்கிழமை மாலை திருப்புளி வந்தாள். தொட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தாள். உள்ளே என்ன இருக்கும் என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு வீட்டுக்குப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை பாப்பா அழுதான். தொட்டில் ஆடவில்லை. வீடே அதிர அழுதான். தொட்டில் கல்லாக நின்றது. அம்மா பாதித் தையலில் எழுந்து ஓடினாள்.

வாயாடிக்கு யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. பள்ளி வேனில் ஏறியதும் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"எங்க தொட்டில திருப்புளி கெடுத்துட்டா."

அடுத்த தெருவில் திருப்புளி ஏறினாள். வேன் முழுவதும் அவளையே பார்த்தது. பின்சீட்டுப் பையன், "வேன் சக்கரத்தையாவது விட்டு வை தாயே," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். என்ன விஷயம் என்று திருப்புளிக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று.

"நான் பாத்தேன். தொடவே இல்ல," என்றாள்.

"நீ பாத்ததுக்கே நின்னுடுச்சாக்கும்," என்றாள் வாயாடி.

அதற்கும் சிரிப்பு. அந்தச் சிரிப்பு வாயாடிக்குப் பிடித்திருந்தது.

மதியத்துக்குள் செய்திக்குக் கை கால் முளைத்தது. திருப்புளி தொட்டிலை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தாளாம். பாப்பா கீழே விழுந்தானாம். அறிவியல் டீச்சர் வரைக்கும் அது போனது. ஆய்வகத்தில் ஒரு பழைய ரேடியோ ஊமையாகக் கிடந்தது. வெள்ளிக்கிழமை அதைத் திறந்து பார்க்கத் திருப்புளிக்கு அனுமதி கொடுத்திருந்தார் டீச்சர். ஒரு மாதமாக அவள் அந்த வெள்ளிக்கிழமைக்காகத்தான் காத்திருந்தாள். இப்போது, "அப்புறம் பாத்துக்கலாம்மா," என்றார் டீச்சர். அந்த 'அப்புறம்' எப்போது வரும் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

அன்று மாலை திருப்புளியின் அம்மா அவளுடைய கருவிப் பெட்டியை வாங்கி அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டார்.

புதன்கிழமை மாலை, பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு அம்மா தொட்டில் கம்பெனிக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கம் ஒரு குரல் தேன் ஒழுகப் பேசியது. தொட்டில் கெடவில்லையாம். அதை மேம்படுத்தியிருக்கிறார்களாம். அழுகையைக் கேட்டு ஆடும் வசதி இனிமேல் மாதச் சந்தா கட்டுகிறவர்களுக்கு மட்டுமாம்.

"வாங்கும்போது ஆடிச்சு. இப்ப ஆடல. இதுக்குப் பேரு மேம்பாடாங்க?" என்று கேட்டாள் அம்மா.

"தொட்டிலோட ஆப் இருக்கிற உங்க போன்லயே கேட்டோம் மேடம். திங்கட்கிழமை சாயங்காலம் நீங்க 'சரி'ன்னு அமுக்கியிருக்கீங்க."

"நான் எதையும் அமுக்கலையே."

வாயாடிக்குக் காது மடல் சுட்டது. திங்கட்கிழமை, திருப்புளி போன பிறகு, அவள் அம்மாவின் போனில் பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் எறும்புக் கூட்டம் போல எழுத்துகள் வந்து படத்தை மறைத்தன. கீழே ஒரு பச்சைப் பொத்தான் இருந்தது. ஒரு வரிகூடப் படிக்காமல் அதை அமுக்கினாள். படம் திரும்பி வந்துவிட்டது.

அம்மா போனை வைத்தாள். வாயாடி தரையைப் பார்த்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள்.

அம்மா திட்டவில்லை. "படிக்காம அமுக்கினது தப்புதான். ஆனா நாம வாங்கின பொருள்ல கைய வெச்சது அவங்க. அவங்களுக்கு நான் எழுதிக்கிறேன்," என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சொல்ல இன்னொன்று பாக்கி இருந்தது. வேனில் பேசியதையும் வாயாடி சொன்னாள்.

"எல்லார் முன்னாடியுமா சொன்ன?" என்று மட்டும் கேட்டாள் அம்மா. பிறகு பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திருப்புளியைத் தனியாகக் கூப்பிட்டுக் காதோடு மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று வாயாடி நினைத்தாள். அதுதான் சுலபம். ஆனால் கெட்ட பெயர் வேன் நிறைய அல்லவா கிடந்தது? காதோடு சொன்னால் அது எப்படிப் போகும்?

வியாழக்கிழமை காலை, திருப்புளி வேனில் ஏறிய பிறகு வாயாடி எழுந்து நின்றாள். டிரைவர் அண்ணன் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"திருப்புளி தொட்டில கெடுக்கல. அது கெடவே இல்ல. அது ஆடறத கம்பெனிக்காரங்க எடுத்துட்டாங்க. அவங்க கேட்டப்ப சரின்னு அமுக்கினது நான்தான்."

எல்லாத் தலைகளும் வாயாடி பக்கம் திரும்பின.

"அப்ப நீ சொன்னது பொய்யா? இல்ல, தெரியாம சொன்னதா?" என்று கேட்டான் பின்சீட்டுப் பையன்.

தெரியாமல் சொன்னேன் என்றால் தப்பித்துவிடலாம். பாதி உண்மையும்கூட.

"தெரியாததத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன்," என்றாள் வாயாடி.

யாரும் சிரிக்கவில்லை. திருப்புளி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் அண்ணனுக்கு மட்டும் வேறு கவலை. வாங்கின பொருளிலிருந்து ஒரு வசதியைத் தூரத்தில் இருந்தபடியே எடுக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றதும், ஒருமுறை பிரேக்கை மிதித்துப் பார்த்துக்கொண்டார்.

பள்ளியில் இறங்கியதும் வாயாடி டீச்சரிடம் போனாள். மாலையில் திருப்புளியின் வீட்டுக்குப் போனாள். ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் முகம் சுருங்கிப்போனது. மூன்றாவது தடவை பழகிவிடும் என்று நினைத்திருந்தாள். பழகவில்லை.

திருப்புளியின் அம்மா முழுவதையும் கேட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பெட்டியைக் கீழே இறக்கினார். "ரெண்டு நாளா அவ சரியா சாப்பிடலம்மா," என்றார். அவ்வளவுதான். திருப்புளி அறையை விட்டு வெளியே வரவில்லை.

வாயாடி வீட்டுக்கு வந்து தொட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடது கையால் ஆட்டிக்கொண்டே வலது கையால் வீட்டுப்பாடம் எழுதினாள். எழுத்து கோணல்மாணலாக வந்தது. பாப்பா தூங்கிவிட்டான். பக்கத்து அறையில் தையல் மெஷின் நிற்காமல் ஓடியது.

வெள்ளிக்கிழமை ஆய்வகத்தில் டீச்சர் முன்னால் திருப்புளி ரேடியோவைத் திறந்தாள். வாயாடிக்கு உள்ளே போக முகமில்லை. கதவுக்கு வெளியே நின்றாள். நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு உள்ளிருந்து கர்ர்ர் என்று ஒரு இரைச்சல், அதற்கு நடுவே யாரோ செய்தி வாசிக்கும் குரல். எல்லாரும் கை தட்டினார்கள். வெளியே நின்றபடி அவளும் தட்டினாள்.

மாலையில் வேனில் திருப்புளி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள் என்று வாயாடி எதிர்பார்த்தாள். திருப்புளி நடந்து வந்து வாயாடியின் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். கையெல்லாம் கறுப்பு மை போல அழுக்கு.

"தள்ளி உக்காரு."

வாயாடி அவசரமாகத் தள்ளினாள். ஜன்னல் கம்பியில் தோள் இடிக்கும் வரைக்கும் தள்ளினாள். காலியான இடத்தைத் திருப்புளி பார்த்தாள்.

"இவ்வளவு எடம் எனக்கு எதுக்கு?" என்றாள். உட்கார்ந்து, பையை இருவருக்கும் நடுவில் வைக்காமல் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.