“வேணும்” என்று சொன்ன பெபிஷா

மரியஜான் பெரியப்பா வீட்டு அலமாரியில் பதினேழு ஹார்லிக்ஸ் பாட்டில்கள் இருந்தன. பெரியப்பாவுக்கு ஹார்லிக்ஸ் பிடிக்காது. ஆனால் உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போனால் ஹார்லிக்ஸோடுதான் போக வேண்டும் என்று அந்த ஊரில் யாரோ என்றைக்கோ முடிவு செய்துவிட்டார்கள்.

குளச்சலுக்குப் பக்கத்தில் கடலோரமாக இருந்தது அந்த ஊர். பெரியப்பா மீன்பிடி வள்ளங்களின் எஞ்சினைப் பழுது பார்ப்பவர். அவருக்குப் புற்றுநோய் வந்துவிட்டது. இனிமேல் குணமாகாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, அப்படியானால் வீட்டுக்குப் போவோம் என்று கிளம்பி வந்துவிட்டார். முன்னறையில் தெருவைப் பார்த்தபடி அவருடைய கட்டில் கிடந்தது.

செவ்வாய்க்கிழமைதோறும் மார்த்தாண்டத்திலிருந்து நர்ஸ் லீலாபாய் சிஸ்டர் வேனில் வருவார். நோய் குணமாகாது என்று ஆன பிறகும் வலியைக் குறைக்கலாம், முதுகில் புண் வராமல் பார்க்கலாம், வீட்டில் இருப்பவர்களுக்குத் துணையாக இருக்கலாம். அதுதான் அவருடைய வேலை.

பெபிஷாவுக்குப் பத்து வயது. அடுத்த வீட்டில் இருந்தாள். அது மே மாத விடுமுறை. அப்பா கடலுக்கும் அம்மா மீன் விற்கவும் போய்விடுவதால், பகல் முழுவதும் அவள் வியாகுலம்மாள் பெரியம்மாவோடுதான் இருந்தாள்.

பெரியப்பாவைப் பார்க்க நாள் முழுவதும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களைச் சும்மா அனுப்ப முடியுமா? எல்லாருக்கும் பெரியம்மா தேயிலை போட்டுக் கொடுத்தார். அந்த ஊரில் டீயைத் தேயிலை என்றுதான் சொல்வார்கள். வேண்டாம் என்று சொன்னவர்களுக்கும் கிடைத்தது. ஒரு திங்கட்கிழமை பெபிஷா கழுவி வைத்த டம்ளர்கள் மட்டும் முப்பத்தொன்று. இதற்கு நடுவில் பெரியப்பாவுக்குக் கஞ்சி, மாத்திரை, துணி மாற்றுவது, இரவில் இரண்டு முறை புரட்டிப் படுக்க வைப்பது எல்லாமே பெரியம்மாதான். கேட்டால், தனக்கு ஒன்றும் இல்லை என்பார்.

அடுத்த நாள் லீலாபாய் சிஸ்டர் வந்தபோது பெரியம்மா தண்ணீர்க் குடத்தோடு வாசலில் தள்ளாடினார். குடம் விழுந்து உருண்டது. நல்லவேளை, பெரியம்மாவை சிஸ்டர் பிடித்துக்கொண்டார். உட்கார வைத்து பிரஷர் பார்த்தார். முகத்தில் சிரிப்பைக் காணோம்.

“நீங்க ஒறங்கி எத்தன நாளாச்சு?” என்று கேட்டார்.

தனக்கு ஒன்றும் இல்லை என்றார் பெரியம்மா. இப்படியே போனால் பெரியம்மா படுத்துவிடுவார் என்றார் சிஸ்டர். அடுத்த செவ்வாய்க்கிழமையும் பிரஷர் இப்படியே இருந்தால், பெரியப்பாவை டவுனில் உள்ள வார்டில்தான் சேர்க்க வேண்டியிருக்கும். அங்கே பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள்.

வேன் போனது. பெரியப்பா பெபிஷாவைக் கிட்டே கூப்பிட்டார்.

“மக்கா, சாவ நெனச்சு எனக்குப் பேடியும் இல்ல, பயமும் இல்ல. ஆனா இந்தக் கட்டில விட்டுப் போவ மனசில்ல, கேட்டியா.”

பெபிஷா கணக்குப் போட்டாள். ஒரு வாரம்தான் இருக்கிறது. பெரியம்மா தூங்க வேண்டும். அதற்கு ஆட்கள் வராமல் இருக்க வேண்டும். அவ்வளவுதானே?

சார்ட் பேப்பரில் கொட்டை எழுத்தில், “இங்கே யாரும் வரக்கூடாது” என்று எழுதினாள். பசை இல்லை. சோற்றுப் பருக்கையை நசுக்கிக் கதவில் ஒட்டினாள்.

அவள் கணக்கு தப்பாகிவிட்டது. தெருவில் போகும்போது அறிவிப்பைப் பார்த்த செல்லக்கனி அக்காள், பெரியப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறி உள்ளே ஓடி வந்தார். அவர் ஓடுவதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் வந்ததைப் பார்த்துத் தெருவே வந்தது. அன்றைக்கு டம்ளர் போதாமல் பக்கத்து வீட்டில் வாங்க வேண்டியதாயிற்று. ஹார்லிக்ஸ் பத்தொன்பது ஆனது.

பெரியப்பா சிரித்துச் சிரித்து இருமினார். பெபிஷா அழாத குறையாகக் காகிதத்தைக் கிழித்தெடுத்தாள்.

“ஆளு வரட்டும் பிள்ளே,” என்றார் பெரியப்பா. “நாலு பேரு வந்து பேசியதுதானே எனக்கு மருந்து. பெரியம்ம கெடந்து அலையியதுதான் சங்கடம்.”

இது இன்னும் சிக்கல். ஆட்களும் வர வேண்டும், பெரியம்மாவும் தூங்க வேண்டும். பெபிஷா வாசல்படியில் உட்கார்ந்து யோசித்தாள். வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். போகும்போது எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். என்ன உதவி வேண்டுமானாலும் சொல்ல வேண்டும், கேட்டியா. பெரியம்மாவும் எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். ஒன்றும் வேண்டாம், ஜெபித்தால் போதும்.

பெபிஷா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் கபிரியேல் உபதேசியார் வந்தார். கோயிலில் எல்லாருக்கும் ஜெபம் சொல்லிக் கொடுப்பவர். அவர் குரலுக்கு ஊரே அடங்கும். பெரியப்பாவுக்காக ஜெபித்து முடித்து எழுந்தவர், வழக்கம்போல அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

“வேணும்,” என்றாள் பெபிஷா.

உபதேசியார் அப்படியே நின்றுவிட்டார். அந்தக் கேள்விக்கு இப்படி ஒரு பதில் உண்டு என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“பெரியம்ம ஒறங்கணும், மாமா. நீங்க தேயிலை போடுவியளா?”

பெரியம்மாவுக்கு வெட்கத்தில் முகம் சிவந்துவிட்டது. “ஏட்டி, வந்தவியகிட்ட வேல வாங்குததா? ஊரு என்ன செல்லும்?” என்று, ஊர் சொல்லப்போவதற்குப் பயந்து பெபிஷாவின் கையைப் பிடித்து இழுத்தார்.

கட்டிலிலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது. “அவரு கேட்டது மெய்யா, சும்மயா? மெய்யெங்கி செய்யட்டும். நீ போய் படு.”

உபதேசியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுக்களைக்குள் போனார். அவர் இதுவரை அடுப்பையே பற்ற வைத்ததில்லை. ஐந்து பேருக்கான தேயிலைக்கு ஐம்பது பேருக்கான தூளைப் போட்டார். பெரியப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, இதை வள்ளத்தில் ஊற்றினால் எஞ்சின் ஓடும் என்றார். உபதேசியார் சிரித்த சிரிப்பை அந்தத் தெரு அதற்கு முன் கேட்டதில்லை.

அப்புறம் பெபிஷா யாரையும் விடவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் “வேணும்” என்றாள். செல்லக்கனி அக்காள் துணிகளை அள்ளிக்கொண்டு போய்த் துவைத்து வந்தார். வள்ளத்தில் போகும் சிலுவைதாசன் அண்ணன் பெரியப்பாவின் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, எந்த வள்ளத்துக்கு எவ்வளவு மீன் கிடைத்தது என்று கதை சொன்னார். இரவில் புரட்டிப் படுக்க வைக்க பெபிஷாவின் அப்பா வந்தார். ஹார்லிக்ஸ் கொண்டு வந்த ஒருவரிடம், அதைத் திரும்பக் கொண்டு போய்விட்டு ஒரு குடம் தண்ணீர் கொண்டு வர முடியுமா என்று பெபிஷா கேட்டாள். அவர் இரண்டு குடம் கொண்டு வந்தார்.

வேடிக்கை என்னவென்றால், யாருமே முகம் சுளிக்கவில்லை. முன்பெல்லாம் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, என்ன பேசுவது என்று தெரியாமல் பெருமூச்சு விட்டவர்கள்தான் அவர்கள். இப்போது கைக்கு வேலை இருந்தது. பேச்சு தானாக வந்தது.

முதல் இரண்டு நாள் பெரியம்மா படுத்துக்கொண்டே அடுக்களையை எட்டி எட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் தூங்கிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை வேன் வந்து நின்றது. உள்ளே வந்த லீலாபாய் சிஸ்டர் திகைத்துப்போனார். ஒருவர் முற்றம் பெருக்க, ஒருவர் கஞ்சி வடிக்க, உபதேசியார் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். வியாகுலம்மாள் எங்கே என்று கேட்டார் சிஸ்டர். பெரியப்பா உதட்டில் விரலை வைத்து உள்ளறையைக் காட்டினார். அங்கிருந்து பெரிய குறட்டைச் சத்தம் வந்தது.

“எஞ்சின் நல்லாட்டு ஓடுது சிஸ்டரே. கை வைக்காண்டாம்,” என்றார் பெரியப்பா.

பெரியம்மா தானாக எழும்வரை சிஸ்டர் காத்திருந்தார். பிரஷர் பார்த்தார். வார்டு வேண்டாம், பெரியப்பா கடைசிவரை வீட்டிலேயே இருக்கலாம் என்று சொன்னார். இதையெல்லாம் ஏற்பாடு செய்தது யார் என்று அவர் கேட்டதும், எல்லாருடைய விரல்களும் பெபிஷாவைக் காட்டின. பெபிஷா கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

அதன் பிறகு இரண்டு மாதம் பெரியப்பா அந்தக் கட்டிலில் இருந்தார். பெரும்பாலும் வலியில்லாமல், போகிற வருகிறவர்களைக் கேலி செய்துகொண்டு இருந்தார். ஜூலை மாதத்தில் ஒரு விடிகாலையில், பெரியம்மாவின் கையைப் பிடித்தபடி இறந்துபோனார்.

பெபிஷா அன்றைக்கு மிகவும் அழுதாள். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, பெரியம்மா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

“கடைசியா பெரியப்பா ஏதாவது சொன்னாரா?” என்று கேட்டாள் பெபிஷா.

பெரியம்மா கண்ணைத் துடைத்தார். உதட்டில் மெல்லிய சிரிப்பு வந்தது.

“‘ஒறங்கினியா’ன்னு கேட்டாரு. எத்தனையோ நாளு பொய்யா செல்லியிருக்கேன். அண்ணைக்கு மெய்யாட்டே, ‘நல்லா ஒறங்கினேன்’னு செல்ல முடிஞ்சுது மக்கா.”