மலை பார்த்த ஜன்னல்

மலை பார்த்த ஜன்னலை யாரோ உள்பக்கமாகச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். மேலே சுண்ணாம்பும் பூசியிருந்தது. வீடு வாங்கி மூன்றாம் நாள், சட்டை மாட்ட ஆணி அடிக்கப் போனபோதுதான் லாசரஸுக்கு அது தெரிந்தது. அந்த இடத்தில் மட்டும் சுவர் வேறு சத்தம் கொடுத்தது. முப்பது வருஷம் கல் உடைத்த கை, தட்டினாலே கண்டுபிடித்துவிடும்.

படப்பை தாண்டிக் கூட்டிவந்து வீட்டைக் காட்டிய தரகர் கங்காதரனிடம் கேட்டார்.

“வெயில் பட்டிருக்கும், அட்ச்சிருப்பாங்கோ. இட்ச்சித் தள்ளுண்ணா. ஜன்னலத் தொறந்தா ஊட்டி! இதுக்குப் போயி பேஜார் பண்றியே.”

பம்மலில் இருந்த அரை கிரவுண்டை விற்று இங்கே ஒரு ஏக்கர், ஓட்டு வீடு, கிணறு, பதினோரு மாமரம். எல்லாம் மகள் சாராளுக்காக. புருஷன் விட்டுப்போன பிறகு அவள் பொழிச்சலூரில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு தாம்பரத்துத் தையல் கம்பெனிக்குப் போய்வந்தாள். “ஞாயித்துக்கெழம வந்து பாக்குறேன் நைனா. புட்ச்சா இருக்குறேன். இல்லாங்காட்டி அடுத்த பஸ்சு” என்று சொல்லியிருந்தாள். மனைவி போய் ஆறு வருஷம், ஒரு ஆளுக்குப் பொங்கி ஒரு தட்டைக் கழுவி வைத்தவர் அவர். அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை சாயங்காலம் செங்கல்லைப் பெயர்த்து எடுத்தார். புழுதி அடங்கியதும் மலை வந்து எதிரில் நின்றது. பாதி மலைதான். மறுபாதியை எப்போதோ குவாரிக்கு வெட்டியிருந்தார்கள். வெட்டுப்பட்ட பாறை மாலை வெயிலில் சிவந்து, அடியில் பச்சைத் தண்ணீர் தேங்கி, வெடிமருந்துப் புகை மாதிரி ஒரு வாடை மாந்தோப்பைத் தாண்டி மெல்ல மெல்ல வந்து மூக்கில் ஏறியது. வெடித்து ஐந்து நிமிஷம்கூட ஆகாத வாடை. வெடிச்சத்தம் மட்டும் கேட்கவில்லை.

“ஒண்ணு” என்றது ஒரு குரல், பாறையிலிருந்து.

“ரெண்டு.” வேறு குரல். “மூணு.”

லாசரஸுக்குச் சிரிப்பு வந்தது. பல்லாவரத்துக் குவாரியிலும் இதே வழக்கம்தான். வெடி வெடித்ததும், ஒதுங்கி நின்ற ஆட்கள் அவரவர் நம்பரை வரிசையாகக் கத்த வேண்டும். ஒரு நம்பர் வரவில்லை என்றால் அந்த ஆள் கல்லுக்கு அடியில் என்று அர்த்தம். அங்கே அவர் நம்பர் எட்டு. பத்து வயதிலிருந்து அவர் பின்னால் ஜல்லி சுமந்த சாராளுக்கு ஒன்பது.

“ஏழு” என்றது மலை. அப்புறம் ஒன்றுமில்லை.

காக்கையில்லை. காற்றில்லை. அடுத்த நம்பருக்கான இடம் காலியாக நின்றது. அவர் நினைக்கவே இல்லை, நாக்கு தானாகப் புரண்டது.

“எட்டு!”

மறுநாள் பஸ் நிறுத்தத்து டீக்கடை அங்காளம்மாளிடம் விசாரித்தார். “மலையில வேல நடக்குதாம்மா?”

“வேல நின்னு பத்து வருசமாவுது. ஏழு பேர் கல்லுக்கு அடியில போனதோட சரி, இன்னிய வரைக்கும் ஒர்த்தனையும் வெளிய எடுக்கல.” டீ ஆற்றிய கை பாதியில் நின்றது. “நீ இன்னாத்துக்குக் கேக்குற? ஏதாச்சும் பதில் குட்த்தியா?”

“இல்லியே” என்றார் லாசரஸ். டீயைக் குடிக்காமலே காசை வைத்துவிட்டு எழுந்தார்.

அன்று சாயங்காலம் துண்டை வாயில் திணித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். ஒன்றிலிருந்து ஏழு வரை வந்தது. ஏழுக்கு அப்புறம் ஒரு இருமல். கல்தூசி ஏறிய நெஞ்சின் இருமல்.

“எட்டு.”

அவருடைய குரல். அவர் வாயில் துண்டு அப்படியே இருந்தது.

எட்டோடு அது முடியவில்லை. காத்திருந்தது. இருட்டும்வரை அந்த மலை யாருக்கோ காத்திருந்தது.

ஜன்னலை மறுபடி அடைக்கலாம். ஆனால் மலையைப் பார்த்தால்தானே மகள் தங்குவாள்? விஷயத்தைச் சொன்னால் அடுத்த பஸ். சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூட்டையோடு வந்த சாராள் தோப்பைச் சுற்றினாள், கிணற்றை எட்டிப் பார்த்தாள், ஜன்னலில் நெடுநேரம் நின்றாள். “இன்னா நைனா, ஜமீந்தார் ஆயிட்ட! மலையெல்லாம் வாங்கிக்கினியா?” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் கேட்டு எத்தனையோ வருஷம். “இருந்துடறேன். நாளைக்குப் போயி பாத்திரத்த எட்த்துகினு வந்துடறேன்.”

மதியமே சொல்லியிருக்கலாம். மூன்று மணிக்குச் சொல்லியிருக்கலாம். இருட்டுவதற்குள் கதவைச் சாத்தி ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டால் போதும், இன்று ஒருநாள் கடந்தால் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டார். வெயில் சரிந்தது. ரேடியோவில் கரகரப்பு. குமிழைத் திருகினார். திருகிக்கொண்டே இருந்தார்.

“சாராளு?”

அடுப்படியில் இல்லை. பின்கதவு திறந்திருந்தது. முகம் கழுவக் கிணற்றடிக்குப் போயிருக்கிறாள்.

“நாலு” என்றது மலை. “அஞ்சு.”

ஓடினார். நிலைப்படி தடுக்கியது. முட்டி பெயர்ந்தது.

“ஆறு. ஏழு.”

“வாயத் தொறக்காத! சாராளு!” கத்தினார். தூசி அடைத்த நெஞ்சிலிருந்து காற்றுதான் வந்தது.

“எட்டு.”

மலையிலிருந்து, அவருடைய குரலில். கிணற்றடியில் அவள் சிரிக்கும் சத்தம். “அங்க இன்னாத்துக்கு நைனா ஏறின? உழுந்துடப் போற!” பிறகு, சின்னப் பிள்ளையாய் ஜல்லிக் கூடையோடு கத்திய அதே ராகத்தில், “ஒம்போது!”

அவர் போய்ச் சேர்ந்தபோது வாளி இருந்தது. ஈரக் கல் இருந்தது. கயிறு ஆடிக்கொண்டிருந்தது.

கிணற்றுக்குள் பார்த்தார். தண்ணீர் அசையவில்லை.

மலையைப் பார்த்தார்.

வெட்டிய பாறை விளிம்பில் வரிசையாக ஆட்கள். ஏழு பேர் அவருக்கு முதுகு காட்டி நின்றார்கள். எட்டாவது ஆள் இடது தோள் சாய்ந்து நின்றது, அவரைப் போலவே. அதன் கை சாராளின் கையைப் பிடித்திருந்தது.

“சாராளு!”

இந்தத் தடவை குரல் வந்தது. அவள் திரும்பினாள். கிணற்றடியில் நிற்கும் அந்தக் கிழவனை, முன்பின் பார்த்திராத ஆளைப் பார்ப்பதுபோல் கொஞ்சநேரம் பார்த்தாள். பக்கத்தில் நின்றதன் தோளில் சாய்ந்து, “யாரு நைனா அது?” என்று கேட்டாள்.